எந்தக் கொத்தால் அளந்தது?

1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிப்பதற்கென்று இலங்கை அரசு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பெருநிலப்பரப்பு இந்த மாற்றங்கள் எதையும் ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடிக்கொண்டிருந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பு மீண்டும் பழைய நேரத்துக்கு வந்து சேரும்வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், வவுனியா நகரில் எட்டு மணி என்றால் கிளிநொச்சியில் ஏழரை. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்து ஓமந்தையால் சனம் போய்வரத் தொடங்கியபோது, யாராவது ஒரு நேரத்தைச் சொன்னால் அது பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது. கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. அரை மணியைக் கூட்டினால் அல்லது கழித்தால் முடிந்தது. ஆனால் எந்த நேரம் என்று கேட்க மறந்தவர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

வன்னி மக்களுக்கு இப்படிப்பட்ட கேள்வி புதிதன்று. நெல்லை மரைக்காலாலும் கொத்தாலும் அளந்த காலத்திலும், யாருடைய கொத்து என்ற கேள்வி இருந்தே வந்தது. ஆங்கிலேயர் கொண்டுவந்த புசலும் கொள்ளளவுதான். ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20.9 கிலோகிராம் என்று பின்னர் நிறைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே புசலுக்குள் ஒரே நிறையில் அடங்குவதில்லை என்பதை நெல் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காணியின் கதை இன்னும் சுவையானது. எங்கள் பகுதிகளில் வயலை நீள அகலத்தால் அளப்பதற்கு முன்னர் விதையால் அளந்தார்கள். இவ்வளவு விதை விதைக்கக்கூடிய நிலம் இன்ன அளவு என்பதே கணக்கு. 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு சேர்ந்திருந்த பூநகரி, கரைச்சிப் பக்கத்துப் பழைய உறுதிகளைப் பிரித்துப் பார்ப்பவர் நெல் விதைப்பு, வரகு விதைப்பு என்று இரண்டு வகைப் பரப்பைக் காணலாம். வரகுப் பரப்பு பதினெட்டுக் குழி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நெற்பரப்பு அதே பெயரைக் கொண்டிருந்தாலும் அதே அளவன்று. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவுத் தண்ணீரூற்றிலிருந்தும் வடக்கின் ஏனைய ஊர்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், 2009க்குப் பிறகு திரும்பிவந்து காணியைத் தேடியபோது, பழைய உறுதியின் அளவையும் இன்றைய வரைபடத்தின் ஹெக்டேயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நிலத்தை ஏக்கரால் அளப்பது ஒருவிதம். அது எவ்வளவு விதையை ஏற்கும் என்பதால் அளப்பது வேறொருவிதம். முன்னையது பொருளின் அளவு. பின்னையது பொருள் என்ன செய்யும் என்பதன் அளவு. இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டால், இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீட்டுக்கு வீடு வந்து கிடக்கும் ஒரு காகிதத்தை வாசிப்பது எளிதாகும். குருதியில் ஓமோன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகூட அறிக்கையைத்தான் சொல்கிறேன்.

வன்னிக் குடும்பமொன்று இன்று ஓரிடத்தில் இல்லை. தாய் பரந்தனில், மகள் லண்டனில், மகன் ரொறன்ரோவில், தம்பி சென்னையில், மச்சாள் புத்தளத்தில். தாயின் தைரொயிட் சோதனை அறிக்கையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் மறுநிமிடம் நாலு நாட்டிலிருந்தும் நாலு அபிப்பிராயம் வருகிறது. அறிக்கையில் "கட்டற்ற ரி-4: 1.2" என்றிருக்கும். லண்டன் மகளின் சொந்த அறிக்கையில் அதே சோதனைக்கு 15 என்றிருக்கும். அம்மாவுக்குப் பன்னிரண்டு மடங்கு குறைந்துவிட்டதே என்று அவள் பதறுவாள். உண்மையில் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். தாயின் எண் டெசிலீற்றருக்கு நனோகிராமில். மகளின் எண் லீற்றருக்குப் பிக்கோமோலில். முன்னையதை 12.87ஆல் பெருக்கினால் பின்னையது வரும்.

இந்த 12.87 எங்கிருந்து வந்தது? நாங்கள் தேங்காயை எண்ணி விற்கிறோம். கொப்பராவை நிறுத்து விற்கிறோம். ஒரு தேங்காயின் சராசரி நிறை தெரிந்தால் எண்ணிக்கையிலிருந்து நிறைக்கும் நிறையிலிருந்து எண்ணிக்கைக்கும் போய்வரலாம். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் கணக்கு. கிராம் என்பது நிறுக்கும் கணக்கு. தைரொக்சின் எனப்படும் ரி-4இன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 777. டெசிலீற்றரை லீற்றராக்கப் பத்தால் பெருக்கி, நனோவைப் பிக்கோவாக்க ஆயிரத்தால் பெருக்கி, 777ஆல் வகுத்தால் 12.87. அவ்வளவுதான். (அந்த 777இல் 508 அயடீன். ஒரு மூலக்கூறில் நான்கு அயடீன் அணுக்கள். நிறையில் மூன்றில் இரண்டு பங்கு. இலங்கையில் 1995 முதல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானதன் காரணம் இதற்குள் இருக்கிறது. போரில் மூடிக்கிடந்த ஆனையிறவு உப்பளத்தைப் பற்றிப் பேசும்போது உப்பின் விலையை மட்டுமே பேசுவது எங்கள் வழக்கம்.)

பிரித்தானிய வைத்தியசாலைகள் 1975இல் எண்ணும் கணக்குக்கு மாறின. அமெரிக்கா இன்றுவரை பெரும்பாலும் நிறுக்கும் கணக்கிலேயே நிற்கிறது. இந்தியாவும் அப்படித்தான். கனடா பிரித்தானியாவைப் போல. இலங்கையில் இரண்டும் கலந்து கிடக்கிறது. சீனியை மில்லிகிராமில் சொல்லும் அதே ஆய்வுகூடம் தைரொக்சினைப் பிக்கோமோலில் சொல்லக்கூடும். சோதனை இயந்திரம் எந்த நாட்டாருடையதோ, அது எப்படி அமைக்கப்பட்டிருக்கிறதோ, அதைப் பொறுத்தது. சீனி ஓமோன் அல்ல என்றாலும் எல்லோரும் அறிந்த எண் அதுவே. டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராம் என்றால் லீற்றருக்கு 10 மில்லிமோல். வகுக்கும் எண் 18. கோட்டிசோலுக்கு 27.6ஆல் பெருக்க வேண்டும்: டெசிலீற்றருக்கு 15 மைக்ரோகிராம் என்பது லீற்றருக்கு 414 நனோமோல். ஈஸ்ட்ரடயோலுக்கு 3.67, புரோஜெஸ்ரரோனுக்கு 3.18. ரெஸ்ரொஸ்ரரோனுக்கு டெசிலீற்றர் நனோகிராமை 28.8ஆல் வகுக்க வேண்டும். ஒவ்வொரு ஓமோனுக்கும் தனி எண் இருப்பது ஒவ்வொன்றின் மூலக்கூறும் வேறு நிறை என்பதனால்தான். ஒன்றின் எண்ணை மற்றதற்குப் போடுவது கொப்பரா விலையில் பாக்கு விற்பதைப் போன்றது.

இவை எல்லாம் ஏக்கர் கணக்கைச் சேர்ந்தவை. ஒருமுறை பெருக்கினால் சிக்கல் தீர்ந்தது. விதைப்பாட்டுக் கணக்கைச் சேர்ந்த ஓமோன்களும் உண்டு. அவற்றின் அறிக்கையில் கிராமும் இராது, மோலும் இராது. "அலகு" என்று மட்டும் இருக்கும். அதன் கதை ஒரு முயலிலிருந்து தொடங்குகிறது.

1922 ஜனவரியில் ரொறன்ரோவில், பதினான்கு வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. பாண்டிங், பெஸ்ட், கொலிப், மக்கிளியோட் ஆகியோரின் கையிலிருந்தது மாட்டின் கணையத்திலிருந்து பிழிந்தெடுத்த கலங்கிய சாறு. அதில் இன்சுலின் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாத பொருளை எப்படி நிறுப்பது? நிறுக்க முடியாததால் அது செய்யும் வேலையால் அளந்தார்கள். இருபத்துநான்கு மணித்தியாலம் பட்டினி கிடந்த, இரண்டு கிலோ நிறையுள்ள ஒரு முயலின் குருதிச் சீனியை வலிப்பு வரும் அளவுக்கு, அதாவது 100 மில்லிலீற்றருக்கு 45 மில்லிகிராம்வரை, இறக்கப் போதுமான அளவே தொடக்கத்தில் அலகாக இருந்தது. நோயாளிக்குக் கொடுக்கப் பார்த்தால் அந்த அலகு பெரிதாக இருந்தது. அதனால் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 1923இல் எடின்பரோவில், சர்வதேச சங்கத்தின் சுகாதார அமைப்பு கூட்டிய மாநாட்டில் அந்த மூன்றில் ஒரு பங்கே அலகு என்று ஏற்கப்பட்டது.

முயல்கள் ஒரேமாதிரி இருப்பதில்லை. தின்ற தீனி, பருவகாலம், இனம் எல்லாம் விடையை மாற்றும். ஒரு நகரத்து முயலின் அலகும் இன்னொரு நகரத்து முயலின் அலகும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? 1922இல் ரொறன்ரோவுக்கு நேரில் போய் எல்லாவற்றையும் பார்த்துவந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேல் இதற்கு ஒரு வழி கண்டார். உலர்ந்த இன்சுலின் தூள் கொஞ்சத்தை லண்டன் ஹாம்ஸ்டெட்டில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பத்திரமாக வைப்பது. அந்தத் தூளில் ஒரு மில்லிகிராம் எட்டு அலகு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது. உலகின் எந்த மூலையிலும் புதிதாகச் செய்யும் இன்சுலினை அந்தத் தூளோடு ஒப்பிட்டு அலகு குறிப்பது. 1925இல் இது சர்வதேச நியமமாயிற்று. ஊர்ச் சந்தையில் கொத்து பிழையா என்று சந்தேகம் வந்தால் முத்திரை பதித்த கொத்தைக் கொண்டுவந்து ஒப்பிடுவதில்லையா, அதே முறைதான்.

1925இல் ஓர் அலகு 0.125 மில்லிகிராம். 1935இல் படிகமாக்கிய இன்சுலினைக் கொண்டு நியமத்தைப் புதுப்பித்தபோது ஒரு மில்லிகிராமில் 22 அலகு, 1958இல் 24. இன்று தூய மனித இன்சுலினில் ஓர் அலகு 0.0347 மில்லிகிராம். நிறை மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அலகு அப்படியே நிற்கிறது. முன்னர் அந்த நிறையில் பெரும்பகுதி அழுக்கு. பரந்தனில் இன்று சலரோகக்காரர் ஒருவர் போடும் பத்து அலகு, நூறு ஆண்டுக்கு முன் ரொறன்ரோவில் போட்ட பத்து அலகு செய்யவேண்டிய வேலையையே செய்யவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

செய்யும் வேலையால் அளந்த பொருளுக்கு ஒரு பலவீனம் உண்டு. வேலை செய்யும் திறன் போனால் அலகும் போய்விடும். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும். திறந்த குப்பியை அறை வெப்பத்தில் நாலு வாரமளவு வைத்துப் பாவிக்கலாம் என்று சொல்லும்போது அந்த அறை 25, 30 பாகைக்குள் இருப்பதாகவே எண்ணுகிறார்கள். 1990களிலும் அதன் பின்னரும் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வழங்கல் கிடையாது. பொருளாதாரத் தடை ஒருபுறம். எரிபொருளும் மருந்தும் அனுமதி பெற்றே ஓமந்தையைத் தாண்டின. சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த ஓர் இன்சுலின் குப்பியை எண்ணிப் பாருங்கள். அதை நிறுத்தால் ஒரு மில்லிகிராமும் குறைந்திராது. நிறமும் பெரும்பாலும் மாறியிராது. குப்பியின்மேல் மில்லிலீற்றருக்கு 100 அலகு என்று அச்சிட்டபடியே இருக்கும். உள்ளே எழுபது இருக்கிறதா, நாற்பது இருக்கிறதா என்று சொல்ல முயலும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. ஊசி போட்டும் சீனி இறங்கவில்லை என்ற ஒன்றே சாட்சி. மண்பானைக்குள் இன்னொரு பானை வைத்து இடையே ஈரமணல் நிரப்பும் பழைய முறை, வெயில் நாடுகளில் சலரோகக்காரருக்கு இன்றும் சொல்லப்படும் அறிவுரை. நீர் ஆவியாகும்போது உள்ளே சில பாகை குளிரும். குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது என்றாலும் அலகைக் கொஞ்சம் காக்கும். 2009இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் ஒதுங்கிய மக்களுக்குப் பானையும் மணலும் வைக்க ஓரிடமும் நிலையாக இருக்கவில்லை.

குப்பியில் எழுதிய எண்ணே ஆபத்தாகும் இடம் ஒன்றும் உண்டு. இதைத் தமிழ்நாட்டோடு போக்குவரத்துள்ள எல்லா வன்னிக் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருகாலத்தில் மில்லிலீற்றருக்கு 20, 40, 80 என்று பல செறிவுகளில் இன்சுலின் விற்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி ஊசிக்குழாய். குழப்பத்தால் விளைந்த கேடுகளைப் பார்த்து அமெரிக்கா 1970களிலும் பிரித்தானியா 1983இலும் 100 என்ற ஒரே செறிவுக்கு வந்தன. இலங்கையில் பாவனையிலிருப்பதும் 100தான். இந்தியாவில் 40 அலகுக் குப்பி இன்றும் சாதாரணமாக விற்பனையாகிறது. 40க்குரிய ஊசிக்குழாயின் மூடி சிவப்பு. 100க்குரியதன் மூடி செம்மஞ்சள். 1983 தொடக்கம் மண்டபத்துக்குப் படகேறியவர்களும், போர் முடிந்தபின் வைத்தியத்துக்குச் சென்னை போய்வருபவர்களும் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்பவர்கள். சென்னையில் வாங்கிய சிவப்பு மூடி ஊசிக்குழாயில், கிளிநொச்சிப் பாமசியில் வாங்கிய 100 அலகுக் குப்பியிலிருந்து 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லிலீற்றர். அதாவது 50 அலகு. இரண்டரை மடங்கு. சீனி இறங்கி மயங்கி விழ அது போதும். மறுபுறமாக, செம்மஞ்சள் மூடி ஊசிக்குழாயில் 40 அலகுக் குப்பியிலிருந்து 20 கோடுவரை இழுத்தால் கிடைப்பது 8 அலகு. இரண்டு வேளையும் நோயாளி சொல்வது "இருவது போட்டனான்" என்றுதான். பொய்யில்லை.

ஊசியில் போகும் ஓமோனை அளக்கவே இவ்வளவு பாடு என்றால், குருதியில் ஓடும் ஓமோனை அளப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்? ஒரு மில்லிலீற்றரில் இருப்பது ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்குக்கும் வெகு கீழே. 1959-60 ஆண்டுகளில் நியூயோர்க்கின் பழைய படையினர் வைத்தியசாலை ஒன்றில் ரோசலின் யாலோவும் சொலமன் பெர்சனும் கதிரியக்க அயடீனால் அடையாளமிட்ட இன்சுலினைக் கொண்டு இதற்கு வழி கண்டார்கள். அடையாளமிட்டதும் இடாததும் ஒரே பிறபொருளெதிரிக்குப் போட்டியிடும்; எவ்வளவு அடையாளம் துரத்தப்பட்டது என்று பார்த்தால் நோயாளியின் இன்சுலின் தெரியவரும். பெர்சன் 1972இல் இறந்தார். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழக அணு மருத்துவப் பிரிவு இந்த முறையில்தான் தைரொயிட் ஓமோன்களை அளந்துவந்தது.

புதிய முறையிலும் ஒப்பிட ஒரு நியமம் வேண்டியிருந்தது. ஆகவே பழைய அலகு குருதிச் சோதனைக்குள்ளும் நுழைந்தது. தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ரி.எஸ்.எச். ஓமோனை எடுத்துக்கொள்வோம். இதை மோலுக்கு மாற்றும் எண்ணை எந்த அறிக்கையிலும் காணமாட்டீர்கள். அந்த மூலக்கூறில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றன. அவை ஒரே நீளத்தில் இருப்பதில்லை. தேங்காய்கள் ஆளுக்கொரு பருமனாக இருந்தால் சராசரி நிறைக் கணக்கு எப்படிச் சரிவரும்? எனவே இங்கிலாந்தில் 80/558 போன்ற இலக்கமிட்டுச் சேமித்த நியமத்தோடு ஒப்பிட்டு அலகில் சொல்கிறார்கள். மில்லிலீற்றருக்கு மைக்ரோ அலகு என்று ஓர் அறிக்கையிலும் லீற்றருக்கு மில்லி அலகு என்று இன்னொன்றிலும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டும் ஒன்றே. 4.5 அங்கேயும் 4.5, இங்கேயும் 4.5. புரோலக்ரின் அப்படியல்ல. அதை மில்லிலீற்றருக்கு நனோகிராமிலும் சொல்கிறார்கள், அலகிலும் சொல்கிறார்கள். மாற்ற 21.2ஆல் பெருக்குவது பொது வழக்கம். அந்த எண் ஒரு குறிப்பிட்ட நியமத்துக்கு உரியது. வேறு நியமத்தில் அமைந்த சோதனையில் வேறு எண் வரும்.

இன்சுலினுக்கோ இன்றும் இரண்டு எண்கள் உலாவுகின்றன. மில்லிலீற்றர் மைக்ரோ அலகை லீற்றர் பிக்கோமோலாக்க 6.00ஆல் பெருக்க வேண்டும். 0.0347 மில்லிகிராமை மூலக்கூற்று நிறையான 5,808ஆல் வகுத்தால் அதுவே வரும். ஆனால் 6.945 என்ற எண்ணும் ஆய்வுக் கட்டுரைகளிலும் மாற்று அட்டவணைகளிலும் பல ஆண்டுகளாகப் புழங்கி வருகிறது. 12 அலகுள்ள ஒருவருக்கு ஓர் அட்டவணை 72 என்கிறது; மற்றது 83 என்கிறது. 2019இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி ஒரு கட்டுரையே எழுதினார்கள். இதற்கு மேல், இன்சுலின் எதிர்ப்பைக் கணிக்க 1985இல் ஒக்ஸ்போர்ட்டில் வகுத்த ஒரு சூத்திரம் உண்டு. இன்சுலினையும் சீனியையும் பெருக்கி 22.5ஆல் வகுப்பது. சீனி மில்லிமோலில் இருந்தால்தான் 22.5, மில்லிகிராமில் இருந்தால் 405. இன்சுலின் 12, சீனி 99 மில்லிகிராம் உள்ளவருக்கு விடை 2.9. தவறி 22.5ஆல் வகுத்தால் 52.8. அப்படியொரு மனிதர் உலகில் இருக்கமாட்டார் என்று வைத்தியருக்குத் தெரியும். இணையத்தில் தானே கணக்குப் போட்டுவிட்டு இரவெல்லாம் நித்திரையின்றிக் கிடப்பவருக்குத் தெரியாது.

பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்தியெடுக்கும் துளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைரொயிட் இன்றிப் பிறக்கும் குழந்தைக்கு முதற் கிழமைகளிலேயே தைரொக்சின் கொடுக்கத் தொடங்கினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படாது. பிந்தினால் திருத்த முடியாது. இலங்கையில் இதற்கான பரிசோதனை 2010இல் காலியில் தொடங்கிப் பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் போயிற்று. தடித்த கடதாசியில் ஒற்றி உலர்த்திய குருதியில் ரி.எஸ்.எச். அளக்கப்படுகிறது. சில ஆய்வுகூடங்கள் அதை முழுக் குருதியின் அளவாகச் சொல்கின்றன. சில நீர்ப்பாயத்தின் அளவாக மாற்றிச் சொல்கின்றன. முழுக் குருதியில் பாதியளவு கலங்கள். ஓமோன் அவற்றுக்கு வெளியே நீர்ப்பாயத்தில் இருக்கிறது. ஆதலால் மாற்றும் எண் ஏறத்தாழ 2.2. முழுக் குருதியில் 10 என்றால் நீர்ப்பாயத்தில் 22. இரண்டுக்கும் அலகின் பெயர் ஒன்றே: லீற்றருக்கு மில்லி அலகு. அறிக்கையின் ஓரத்தில் "குருதி" என்றிருக்கிறதா "நீர்ப்பாயம்" என்றிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான், குழந்தையை மறுபடி கொண்டுவரச் சொல்வதா வேண்டாமா என்று குடும்ப நல உத்தியோகத்தர் தாய்க்குச் சொல்லமுடியும்.